கால்வே, கார்க், டப்ளின்: அயர்லாந்தின் பப்களில் ஒன்பது இரவுகள்

சென்ற அக்டோபரில் நானும் என் மனைவியும் ஒன்பது இரவுகளை அயர்லாந்தில் கழித்தோம். கால்வேயில் நான்கு, கார்க்கில் இரண்டு, டப்ளினில் மூன்று. கடற்பாறைகளையும் கோட்டைகளையும் பார்ப்பதற்காக வகுத்த பயணம் இல்லை அது. பொழுது சாய்ந்ததும் ஏதேனும் ஒரு பப்பில் இடம் பிடித்து உட்கார்ந்து, அங்கே வாசிக்கப்படும் மரபிசையைக் கேட்க வேண்டும் என்பது ஒன்றே எங்கள் நோக்கம். நான் அளவாகக் குடிப்பவன். என் மனைவி மதுவைத் தொடாதவர், ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் கர்நாடக முறையில் வயலின் கற்றவர். எனவே இந்த மதிப்பீட்டில் குடிப்பவரின் பார்வையும் குடிக்காதவரின் பார்வையும் சேர்ந்தே இருக்கின்றன.

குடிக்காதவர்கள், அதிலும் பெண்கள், அங்கே போய் உட்கார முடியுமா என்று புறப்படும் முன்பே உறவினர்கள் கேட்டார்கள். நம்மூர் மதுக்கூடங்களை மட்டுமே அறிந்தவர்களுக்கு அந்த ஐயம் வருவது இயல்புதான். 'பப்ளிக் ஹவுஸ்' என்ற சொல்லின் சுருக்கமே பப். பொதுவீடு என்ற அந்தப் பொருள் இன்றும் அயர்லாந்தில் உயிரோடு இருக்கிறது. பிற்பகலில் பாட்டி ஒருவர் தேநீரோடு செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார், அடுத்த மேசையில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் சூப் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். பணியிடங்கள் அனைத்திலும் புகைபிடிப்பதை நாடு முழுவதும் முதன்முதலில் தடைசெய்த தேசம் அயர்லாந்துதான். 2004 மார்ச் 29 முதல் அந்தச் சட்டம் நடைமுறையில் இருப்பதால் உள்ளே புகை நெடி கிடையாது. என் மனைவி ஒன்பது இரவும் தேநீரையும் பழச்சாற்றையும் மட்டுமே வாங்கினார். டப்ளினில் ஓரிடத்தைத் தவிர எங்கும் எவரும் முகம் சுளிக்கவில்லை, 'வேறொன்றும் வேண்டாமா' என்று இரண்டாவது முறை கேட்கவும் இல்லை.

டப்ளினின் ஹ்யூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் மேற்குக் கடற்கரையில் உள்ள கால்வேயை அடையலாம். ஏறத்தாழ 85,000 பேர் வாழும் சிறிய நகரம் அது. காரிப் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்திருக்கிறது. நகரின் நடுவிலுள்ள ஷாப் ஸ்ட்ரீட்டும் அதன் தொடர்ச்சியான கீ ஸ்ட்ரீட்டும் வாகனங்கள் நுழையாத நடைவீதிகள். அந்தக் கால் மணி நேர நடைக்குள்ளேயே தெருப்பாடகர்கள் நான்கைந்து பேரைக் கடந்துவிடுவோம். நல்ல பப்களில் பெரும்பாலானவையும் அந்த வட்டத்துக்குள்ளேயே இருப்பதால் வாடகை வண்டிக்குத் தேவையே இல்லை. அயர்லாந்தில் ஒரே ஒரு நகரத்துக்குத்தான் போக முடியும் என்று யாராவது சொன்னால், தயங்காமல் கால்வேயின் பெயரைச் சொல்வேன்.

முதல் பிற்பகல் நாங்கள் நுழைந்தது கிராஸ் ஸ்ட்ரீட் முனையிலுள்ள 'டீ நாக்டன்'. 1894 முதல் நடந்துவரும் பப் இது. இந்தக் கட்டடம் முன்பு ரிச்சர்ட் மார்ட்டினின் நகர இல்லமாக இருந்தது. கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் சட்டத்தை 1822-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியவர் அவர். உள்ளே மரத்தடுப்புகளால் பிரிக்கப்பட்ட சிற்றறைகள் இருக்கின்றன. 'ஸ்னக்' என்று அவற்றை அழைக்கிறார்கள். நான்கைந்து பேர் முழங்கால் இடிக்க உட்காரக்கூடிய அந்த அறைகள், பெண்கள் வெளிப்படையாகப் பப்புக்குள் அமர்வது தகாது என்று கருதப்பட்ட காலத்தில் அவர்களுக்காகவும், பிறர் கண்ணில் படாமல் குடிக்க விரும்பியவர்களுக்காகவும் ஏற்பட்டவை. கணப்படுப்புக்கு அருகில் இருந்த ஸ்னக்கில் இடம் கிடைத்தது. மழை பெய்யும் பிற்பகலுக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை அந்த நகரத்தில் நான் காணவில்லை. ஆனால் மாலை ஆறு மணிக்குப் பின் இங்கே நிற்கவும் இடமிருக்காது; பகலில் போவதே நல்லது.

இசைக்காக நாங்கள் திரும்பத் திரும்பப் போனது மெயின்கார்ட் ஸ்ட்ரீட்டில் உள்ள 'டிக் கோலி'க்கு. சிறிய, நெருக்கமான, சுவரெங்கும் இசைக்கலைஞர்களின் புகைப்படங்கள் தொங்கும் பப். மாலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக நாள்தோறும் இங்கே இசை அமர்வுகள் நடக்கின்றன. 'செஷன்' எனப்படும் இந்த அமர்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கச்சேரி என்று எண்ணிக்கொண்டு போகிறவர்கள் ஏமாற்றமடைவார்கள். மேடை கிடையாது, பெரும்பாலும் ஒலிபெருக்கி கிடையாது, நிகழ்ச்சி நிரலும் கிடையாது. வாசிப்பவர்கள் ஒரு மேசையைச் சுற்றி ஒருவரையொருவர் பார்த்தபடி உட்காருகிறார்கள். கேட்பவர்களுக்குப் பல நேரங்களில் அவர்களுடைய முதுகுதான் தெரியும். பப்பின் சார்பில் ஊதியம் பெற்று அமர்வை நடத்துபவர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களைச் சுற்றி, வாத்தியத்தோடு வரும் எவரும் மரியாதையாகக் கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம்.

ஃபிடில், மரக் குழல், தகரத்தால் ஆன சிறு விசில், கான்செர்டினா, பாஞ்சோ, கையிடுக்கில் துருத்தியை அழுத்தி வாசிக்கும் இலியன் பைப் ஆகியவை முக்கிய வாத்தியங்கள். இலியன் பைப் வாசிப்பு 2017-இல் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தாளத்துக்குப் 'பௌரான்' என்ற ஒருமுகத் தோற்கருவி. நம் கஞ்சிராவைவிடப் பல மடங்கு அகலமானது, ஆட்டுத்தோல் போர்த்தியது, சிறு குச்சியால் அடிக்கப்படுவது. கஞ்சிரா வாசிப்பவர் இடக்கை விரல்களால் தோலை அழுத்திச் சுருதியை ஏற்றி இறக்குவதைப் போலவே, பௌரான் வாசிப்பவரும் இடக்கையைத் தோலுக்குப் பின்னால் வைத்து அழுத்தி ஒலியின் நிறத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார். ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார். தெரிந்தவர்கள் இரண்டாவது அடியிலேயே சேர்ந்துகொள்வார்கள். தெரியாதவர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டுக் கேட்பார்கள். ஒரு மெட்டை இரண்டு மூன்று முறை சுற்றிவந்ததும், தொடங்கியவர் புருவத்தை உயர்த்தியோ மெல்லிய குரல் கொடுத்தோ அடுத்த மெட்டுக்குத் தாவ, மொத்தக் கூட்டமும் அந்தத் திருப்பத்தில் ஒன்றாகத் தாவும். ரீல் வகை மெட்டுகள் நான்கின் நடையில் ஓடும். ஜிக் வகை திஸ்ரத்தில் துள்ளும். அந்தத் தாவலின்போது மரத்தரை வழியாகப் பத்துப் பதினைந்து பேரின் கால்தாளம் நம் உள்ளங்காலில் வந்து சேருகிறது. என் மனைவி இரண்டாம் நாளிலேயே அடுத்த தாவல் எப்போது வரும் என்பதை முன்கூட்டியே சொல்லத் தொடங்கிவிட்டார்.

மூன்றாம் நாள் மாலை நடந்ததை நான் என்றும் மறக்க மாட்டேன். இடைவேளையில் ஃபிடில் வாசித்த பெண்மணி, வயது அறுபதுக்கு மேல் இருக்கும், எங்கள் பக்கம் திரும்பி எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றதும், இங்கே தொடர்ந்து வருகிறீர்களே, நீங்களும் வாசிப்பீர்களா என்று என் மனைவியிடம் வினவினார். வயலின் கற்றதையும், எங்கள் முறையில் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, வாத்தியத்தின் தலைப்பகுதியை வலக் கணுக்காலில் ஊன்றி வாசிப்போம் என்பதையும் அவர் விளக்கினார். அந்தப் பெண்மணி ஒரு சொல்லும் பேசாமல் தம்முடைய ஃபிடிலையும் வில்லையும் நீட்டிவிட்டார். சுருதி கூட்டும் முறையே வேறு என்பதால் என் மனைவி முதலில் தயங்கினார். நாம் ஸ-ப-ஸ-ப என்று தந்திகளைக் கூட்டுவோம், அவர்களோ அடுத்தடுத்த நான்கு தந்திகளையும் பஞ்சம இடைவெளியில் கூட்டுகிறார்கள். ஆனால் மேலிரண்டு தந்திகளை மட்டும் எடுத்துக்கொண்டால் ஸட்ஜமும் பஞ்சமமும் நம் கணக்குக்கே பொருந்திவருவதை விரலால் மீட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். குட்டையான முக்காலியில் உட்கார்ந்து, ஃபிடிலின் தலையை முழங்காலில் சாய்த்து, மோகனத்தில் நான்கு வரி வாசித்தார். ஐந்தே சுரங்கள் கொண்ட அந்த ராகத்தின் சாயல் அவர்களுடைய பல மெட்டுகளிலும் இருப்பதால் அவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. மரக்குழல் வாசித்த இளைஞர் மூன்றாவது சுற்றில் மெதுவாக அதைப் பின்பற்றி ஊதத் தொடங்கினார். பௌரான்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரல்களால் மட்டும் தாளம் போட்டார். முடிந்ததும் பெருத்த கைதட்டல் எழவில்லை. மேசையைச் சுற்றியிருந்தவர்கள் தலையை அசைத்து, 'நன்று, நன்று' என்று தாழ்ந்த குரலில் சொன்னார்கள். அந்தப் பெண்மணி ஃபிடிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பெஞ்சில் கிடந்த தம் வாத்தியப் பெட்டியைத் தரையில் இறக்கிவைத்து, அந்த இடத்தில் என் மனைவியை உட்காரச் சொன்னார். எஞ்சிய ஒன்றரை மணி நேரமும் அவர் அந்த வட்டத்துக்குள்ளேயே அமர்ந்து கேட்டார்.

ஆற்றைக் கடந்து சற்று நடந்தால், ஸீ ரோட்டில் 'கிரேன் பார்' இருக்கிறது. உள்ளூர்க்காரர்களின் எண்ணிக்கை இங்கே அதிகம். அதனாலேயே ஓசை குறைவாகவும் கவனம் கூடுதலாகவும் இருந்தது. மாடியறையில் நடந்த அமர்வின் நடுவே நடுவயதுக்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, பக்கவாத்தியம் ஏதுமின்றி, ஐரிஷ் மொழியில் பாடத் தொடங்கினார். 'ஷான் நோஸ்', அதாவது பழைய பாணி, என்று அந்தப் பாடுமுறைக்குப் பெயர். முதல் சொல் வந்ததுமே அறை முழுவதும் அடங்கியது. கல்லாவில் நின்றவர் கண்ணாடிக் குவளைகளைத் துடைப்பதையும் நிறுத்திவிட்டார். பாடகருக்கு அருகில் இருந்த முதியவர் அவருடைய கையைப் பற்றி, பாட்டின் ஓட்டத்துக்கு ஏற்ப மெல்ல வட்டமாகச் சுழற்றிக்கொண்டிருந்தார். பாடுபவருக்குத் துணைநிற்பதைக் காட்டும் பழைய வழக்கம் அது என்று பக்கத்தில் இருந்தவர் பிறகு சொன்னார். பாட்டின் ஒரு சொல்லும் எங்களுக்குப் புரியவில்லை. சுரங்களை நெளித்து இழைத்துப் பாடிய விதத்தில் ஒரு விருத்தத்தைக் கேட்ட உணர்வு இருவருக்கும் ஏற்பட்டது.

மதுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அயர்லாந்தின் கறுப்பு பீர் வகையான ஸ்டவுட்டைப் பைண்ட் கணக்கில் கேட்பார்கள். ஒரு பைண்ட் 568 மில்லி. அந்த வகையில் பெயர்பெற்ற கின்னஸைக் கேட்டதும் குவளையைச் சாய்த்துப் பிடித்து முக்கால் பங்கு நிரப்பி, அப்படியே கல்லாவின் மேல் வைத்துவிடுகிறார்கள். பழுப்பு நிறத்தில் கலங்கி, நுண்குமிழ்கள் குவளையின் ஓரமாகக் கீழ்நோக்கி வழிவதுபோல் சுழன்று, அடியிலிருந்து மெல்ல மெல்லக் கறுத்துத் தெளிந்த பின்புதான் மிச்சத்தை ஊற்றி நுரையை விளிம்புக்கு மேலே நிறுத்துகிறார்கள். முழுவதற்கும் 119.5 வினாடி ஆக வேண்டும் என்பது அந்த நிறுவனமே சொல்லும் கணக்கு. அவசரப்படுத்துவது மரியாதைக் குறைவு. கல்லாவுக்கே போய்க் கேட்டு, அங்கேயே பணம் கொடுத்து, நாமே எடுத்துவர வேண்டும். மேசையில் காத்திருந்தால் பெரும்பாலான பப்களில் யாரும் வர மாட்டார்கள். கால்வேயில் ஒரு பைண்டுக்கு ஏறக்குறைய 6 யூரோ கொடுத்தேன். மது நீக்கிய கின்னஸ் 0.0 இப்போது நாங்கள் போன எல்லா இடங்களிலும் கிடைத்தது.

உணவில் எனக்குக் குறை உண்டு. இசைக்குப் பெயர்பெற்ற பப்கள் பலவற்றில் சமையலே கிடையாது. சமைக்கும் இடங்களிலும் இரவு ஒன்பது மணிக்குள் அடுக்களையை மூடிவிடுகிறார்கள். முதல் இரவு இதை அறியாமல் பசியோடு அறைக்குத் திரும்பினோம். கிடைக்கும்போது கிடைப்பவை நன்றாகவே இருந்தன. மீனும் உருளைக்கிழங்கும் பாலேடும் சேர்த்துக் கொதிக்கவைத்த சௌடர், அதனோடு ஈஸ்ட் சேர்க்காமல் சமையல் சோடாவால் உப்பவைத்த பழுப்பு ரொட்டி, உப்பு வெண்ணெய். சைவ உணவுக்காரர்களுக்குக் காய்கறி சூப்பையும் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டியையும் விட்டால் தேர்வுகள் குறைவு. ஏழு மணிக்குள் வேறிடத்தில் சாப்பிட்டுவிட்டுப் பப்புக்குப் போவதே அறிவுடைமை.

கால்வேயிலிருந்து கார்க் நகரத்துக்குப் பேருந்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இங்கே கின்னஸைக் கேட்டால் தருவார்கள், ஆனால் ஊர்க்காரர்கள் பலர் தங்கள் ஊரில் பிறந்த பீமிஷையும் மர்ஃபியையும் விட்டுக்கொடுப்பதில்லை. முன்னது 1792-லும் பின்னது 1856-லும் தொடங்கியவை. பீமிஷ் சற்றுக் கசப்பு, மர்ஃபி மென்மை; எனக்கு மர்ஃபி பிடித்தது. இங்கிலீஷ் மார்க்கெட் என்ற 1788-ஆம் ஆண்டுச் சந்தையை ஒட்டிய குறுகிய சந்தில் 'மட்டன் லேன் இன்' இருக்கிறது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அரை இருட்டாக இருக்கும் அந்த இடம் பேசுவதற்கு உகந்தது. கோபர்க் ஸ்ட்ரீட்டிலுள்ள 'ஷின் ஏ' இசைக்குரிய இடம். 'அவ்வளவுதான்' என்பது அந்த ஐரிஷ் பெயரின் பொருள். அருகில் ஈமச்சடங்கு நிலையம் இருந்ததால் வந்த பெயர் என்று சொல்கிறார்கள். இங்கே வாசிப்பு கால்வேயைவிடச் சற்று நிதானமானது, மெட்டுகளுக்கு நடுவே பேச்சு அதிகம். கார்க் மக்களின் பேச்சு பாட்டைப்போல் ஏறி இறங்குவதால் முதல் நாள் பாதிக்கு மேல் எங்களுக்குப் புரியவில்லை. அதை உணர்ந்துகொண்டு மூன்றாம் முறையும் பொறுமையாகச் சொன்னார்கள். வழி கேட்டபோது கையிலிருந்த குவளையைக் கல்லாவில் வைத்துவிட்டுத் தெருமுனை வரை உடன்வந்து காட்டியவரையும் இந்த ஊரில்தான் சந்தித்தோம்.

டப்ளினில் எங்களுக்குக் கசப்பும் கிடைத்தது. டெம்பிள் பார் என்ற பகுதி சுற்றுலாப் பயணிகளின் கூட்டத்துக்குப் பெயர்போனது. அங்கே ஒரு பப்பில், பெயர் வேண்டாம், ஒரு பைண்டுக்குக் கால்வேயின் விலையைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்கிக்கொண்டு, ஒலிபெருக்கி வைத்து எல்லோருக்கும் தெரிந்த நான்கைந்து பாடல்களையே மாற்றி மாற்றிப் பாடினார்கள். தேநீர் கேட்ட என் மனைவியிடம், இரவில் மது வாங்குவோருக்கே இருக்கை என்று பணியாளர் சொன்னார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். அயர்லாந்தின் பப் இதுதான் என்று இந்த ஒரு தெருவை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

லிஃபி ஆற்றின் வடகரையில் ஸ்மித்ஃபீல்டில் உள்ள 'காபிள்ஸ்டோன்' அந்தக் கசப்பைத் துடைத்துவிட்டது. தேய்ந்த தரை, மங்கிய சுவர், வாசலுக்கு அருகிலேயே வாசிப்பவர்களுக்கென்று ஒதுக்கிய மூலை. 2021-இல் இந்த இடத்தின் பெரும்பகுதியை விழுங்கும் வகையில் ஒரு விடுதி கட்டத் திட்டம் வந்தபோது, இசைக்கலைஞர்களும் நகர மக்களும் தெருவில் வாசித்துக்கொண்டே ஊர்வலம் போனார்கள். அந்த ஆண்டிலேயே டப்ளின் மாநகராட்சி அனுமதியை மறுத்தது. அந்த மூலையில் உட்கார்ந்து அரை மணி நேரம் கேட்டால் ஏன் அத்தனை பேர் திரண்டார்கள் என்பது விளங்கிவிடுகிறது. இருபது வயதுக்காரர்கள் எழுபது வயதுக்காரர்களோடு தோளோடு தோள் உரச வாசிக்கிறார்கள், தெரியாத மெட்டை அங்கேயே கற்றுக்கொள்கிறார்கள். மெரியன் ரோவில் உள்ள 'ஓ'டோனஹியூஸ்' பப்புக்கும் போனோம். 1962-இல் 'தி டப்ளினர்ஸ்' இசைக்குழு உருவான இடம் என்ற பெருமை அதற்கு உண்டு. அன்று கூட்டம் மிகுந்திருந்ததால் வாசிப்பு காதில் விழவில்லை, ஆகவே அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஒரு பகல் மட்டும் ரயிலில் பெல்ஃபாஸ்ட் போய் வந்தோம், 'கிரவுன் லிக்கர் சலூன்' என்ற பழைய பப்பைப் பார்ப்பதற்காகவே. விக்டோரியா காலத்து வண்ண ஓடுகள், செதுக்கு மரவேலை, எரிவாயு விளக்குகள், கதவு வைத்த பத்து ஸ்னக்குகள், ஒவ்வொன்றிலும் பணியாளரை அழைக்கும் மணிப்பொத்தான். 1978 முதல் பிரிட்டனின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு அதைப் பாதுகாக்கிறது. கண்ணுக்கு விருந்துதான், ஆனால் நாங்கள் போன நேரத்தில் பேச்சுக்கு யாரும் கிடைக்கவில்லை. பெல்ஃபாஸ்ட் இருக்கும் வட அயர்லாந்து ஐக்கிய இராச்சியத்தைச் சேர்ந்தது, பவுண்டு நாணயம் வேண்டும். எல்லையில் சோதனைச் சாவடி இல்லை என்பதற்காக இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் ஐரிஷ் விசாவை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. எங்கள் விசாவில் பிரிட்டிஷ்–ஐரிஷ் விசாத் திட்டத்தின் குறியீடு இருந்ததால் போக முடிந்தது.

போக நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. குழந்தைகளோடு போகிறவர்கள் மாலை அமர்வைத் தேர்ந்தெடுங்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் இரவு ஒன்பது மணிக்கு மேலும், மே முதல் செப்டம்பர் வரை பத்து மணிக்கு மேலும், மதுக்கூடப் பகுதியில் இருக்கச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. வாசிப்பவர்களின் மேசையைச் சுற்றியுள்ள இருக்கைகள் காலியாகத் தெரிந்தாலும், கேட்காமல் உட்காராதீர்கள்; தாமதமாக வரும் கலைஞருக்கானவை அவை. தாளத்தோடு சேர்ந்து கைதட்ட வேண்டாம், அது அவர்களுடைய காலப்பிரமாணத்தைக் குலைக்கிறது. கைப்பேசியில் பதிவு செய்வதென்றால் முன்பே அனுமதி கேளுங்கள். யாராவது உங்களுக்கு ஒரு சுற்று வாங்கிக் கொடுத்தால், அடுத்த சுற்றை நீங்கள் வாங்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. தேநீர் குடிப்பவருக்கும் அது பொருந்தும் என்பதை என் மனைவி முதல் இரவிலேயே கற்றுக்கொண்டார்.

டிக் கோலியில் இரவு அமர்வுக்குப் போகிறவர்கள் அது தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுவது நல்லது. எங்களுக்குப் பிடித்த இடம், வாசிப்பவர்களின் மூலைக்கு நேர் எதிரே சுவரோரமாக இருக்கும் நீள பெஞ்சு. அங்கே உட்கார்ந்தால் ஃபிடில் வில்லின் ஏற்ற இறக்கம் முழுவதும் தெரியும்.